தண்ணீர் பிடிக்கிற ஸ்டேஷன்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு ரயில்வே ஸ்டேஷனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஏற்பாட்டாளர்கள், "எழும்பூரா, சென்ட்ரலா?" என்று கேட்டார்கள். ஹில்குரோவ் என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் சத்தமே இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் பாதையில் 18-ஆவது கிலோமீட்டரில், கடல் மட்டத்திலிருந்து 1,092 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அது. பக்கத்தில் ஊர் கிடையாது. வழியனுப்ப யாரும் வருவதில்லை, வரவேற்கவும் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் மேட்டுப்பாளையத்தில் அந்த ரயில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அங்கே கால் வைத்திருப்பார்கள். வண்டி நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், டீ குடிப்பார்கள், குரங்கைப் படம் எடுப்பார்கள், அந்தக் குரங்கிடமே பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுப்பார்கள், விசில் கேட்டதும் ஓடிவந்து ஏறுவார்கள். வீடு திரும்பியபின் கேட்டுப் பாருங்கள், பெயர் நினைவிருக்காது. "நடுவுல ஒரு இடத்துல நின்னுச்சே, வடை வாங்கினோமே" என்பார்கள்.

அந்த நடுவிலே ஒரு இடத்தை மேம்படுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. எனக்கும் உண்டு. ஆனால் வேலையை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு, சீக்கிரமாக முடித்துவிடுகிறேன். நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் திட்டங்கள் காகிதத்திலேயே கிடந்தன. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிக்கன்பாக் வந்து ஒரு வழி சொன்னார், ஒரு கம்பெனி தொடங்கியது. 1891-இல் வேலை ஆரம்பித்து, நடுவில் அந்தக் கம்பெனி நொடித்து, ஒருவழியாக 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டி ஓடியது. ஊட்டியை எட்ட இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. 1908 செப்டம்பரில் ஃபெர்ன்ஹில் வரை, அக்டோபரில் ஊட்டி வரை. அந்த ஒரு மாதம் ஃபெர்ன்ஹில்தான் கடைசி ஸ்டேஷன். இன்று அங்கே வண்டி நிற்பதே இல்லை. சின்ன ஸ்டேஷன்களின் ஜாதகம் அப்படி.

மொத்தப் பாதை 46 கிலோமீட்டர். 16 குகைகள், சின்னதும் பெரியதுமாக 250 பாலங்கள். இதில் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான 20 கிலோமீட்டர்தான் நமக்கு முக்கியம். கல்லாறு 405 மீட்டர் உயரம், குன்னூர் 1,711. அந்த 20 கிலோமீட்டருக்குள் 1,300 மீட்டர் ஏறியாக வேண்டும். சில இடங்களில் பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். வழுவழுப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அப்படி ஏறாது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த சட்டங்கள் இரண்டு பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி பதித்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடுவதில்லை. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஓடும் பயணி ரயில் இது ஒன்றுதான்.

இப்போது நிறுத்தங்களைப் பாருங்கள். கல்லாறு 8-ஆவது கிலோமீட்டர். அடர்லி 13. ஹில்குரோவ் 18. ரன்னிமேடு 21. காட்டேரி 25. குன்னூர் 28. மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று, அதிகம் போனால் ஐந்துக்கு ஒன்று. மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே ஸ்டேஷன் நெருக்கமாக இருந்தால் புரிகிறது, இருபுறமும் ஜனம். இந்தக் காட்டில் யாருக்காக இத்தனை?

எஞ்சினுக்காகத்தான். குன்னூருக்கு மேலே உள்ள ஸ்டேஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தியில் ஊர், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி. அவை ஆட்களுக்காக வைத்தவை. குன்னூருக்குக் கீழே உள்ள நிறுத்தங்களின் இடைவெளியைத் தீர்மானித்தது ஏறும் எஞ்சினின் தாகம். இந்தப் பாதையின் கணக்கு முழுக்க இந்த ஒன்றில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

தாகம் ஏன் இவ்வளவு? இங்கே ஓடுவது எக்ஸ் வகை எஞ்சின். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914-இலிருந்து 1925 வரை செய்தவை, 1952-இல் வந்த சில. அண்மையில் பொன்மலைப் பணிமனை புதிதாகவே சில எஞ்சின்களைச் செய்து கொடுத்திருக்கிறது. இது சாதாரண வேலை இல்லை, உலகத்தில் நீராவி எஞ்சின் செய்யும் பட்டறைகளை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று. கொதிகலனிலிருந்து வரும் உயர் அழுத்த நீராவி முதல் ஜோடியில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுற்றுகிறது. பிறகு அதே நீராவி வெளியே போகாமல் அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், இரண்டாம் டிகாக்ஷன்தான். சமதளத்தில் இரண்டாம் ஜோடிக்கு ஓய்வு. ஏற்றம் வந்ததும் அதற்கும் வேலை.

இவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் தண்ணீர் போதாது. நீளமான பாதையில் ஓடும் எஞ்சின்களுக்குப் பின்னால் தண்ணீரும் கரியும் ஏற்றிய தனி வண்டி உண்டு. இங்கே அந்தச் சுமையை இழுக்க முடியாது. தன் உடம்பிலேயே உள்ள தொட்டியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான். அதோடு எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால், அதாவது பள்ளத்துப் பக்கம் நின்று மேலே தள்ளிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். பல்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். காலை ஏழு மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். இறங்கும்போது மூன்றரை மணி நேரம் போதும்.

எரிபொருள் மாறிவிட்டது. கரி போய் எண்ணெய் வந்தது. பொன்மலையில் மறுபடி கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் செய்தார்கள். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் இழுக்கிறது. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை எதை எரித்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். ஹில்குரோவில் வண்டி நிற்கும்போது அதைப் பார்க்கலாம். பயணிகள் முன்பக்கம் டீக்கடையை நோக்கி ஓடுவார்கள். பின்பக்கம் ஒரு ஆள் எஞ்சின் மேல் ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து, தொங்கும் குழாயை இழுத்து வாய்க்குள் விடுவார். கீழே ஒருவர் எண்ணெய்க் குப்பியோடு குனிந்து, நகரும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவார். கை சுடுகிற இடம் எது, சுடக்கூடாத இடம் எது என்பது அந்தக் கைக்குத் தெரியும். தொட்டி நிரம்பி வழிந்து சக்கரத்தின் மேல் விழும்போது குபுக்கென்று ஆவி எழும். அப்போதுதான் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்னையில் நமக்கு நீராவி எஞ்சின் என்றால் கொண்டாட்ட நாளில் வரும் விருந்தாளி. 1855-இல் செய்த ஈஐஆர்-21 என்ற எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர்ப்பித்து, சுதந்திர தினத்தை ஒட்டி எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓட்டியிருக்கிறார்கள். வழியெல்லாம் கூட்டம், குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள். நல்லது. ஆனால் அது காட்சிக்காக ஓடுவது. ஹில்குரோவில் நிற்பது அன்றாடம் வேலைக்குப் போகும் எஞ்சின். இந்த வித்தியாசத்தை மேம்பாட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறான ஒரு மரபு இருக்கிறது. வேல்ஸில் டாலிலின் என்ற குட்டி ரயில் 1950-இல் உரிமையாளர் இறந்ததும் மூடிப்போகும் நிலைக்கு வந்தது. எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கி, 1951-இலிருந்து தொண்டர்களை வைத்தே ஓட்டினார்கள். உலகத்தில் அதுதான் முதல். அதைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பாதைகள் அங்கே உயிர்பெற்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் கார்டாக நிற்பார், வங்கி அதிகாரி சனிக்கிழமை கரி அள்ளுவார். அவர்கள் சின்ன நிறுத்தங்களை அலங்கரிப்பதில் கில்லாடிகள். ஏதோ ஒரு பழைய ஆண்டைப் பிடித்துக்கொண்டு விளம்பரத் தகடு, பால் கேன், தோல் பெட்டி, எண்ணெய் விளக்கு என்று எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்கு ஏற்றபடி வைப்பார்கள். அவர்களுக்கு அது சரி. மூடிய கதையை மீண்டும் நடித்துக் காட்டுகிறார்கள். நம் மலை ரயில் அப்படி மூடி மீட்டது இல்லை. மண்சரிவில் நிற்கும், மறுபடி ஓடும். இங்கே கொண்டுபோய்ப் பால் கேன் வைத்தால் குரங்குதான் உருட்டும்.

உள்நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. கால்கா–சிம்லா பாதையில் பரோக். 1903-இல் திறந்த பாதை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான 33-ஆம் எண் குகையின் வாயில் அந்த ஸ்டேஷன். வண்டி நின்று பயணிகள் சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். கட்டடத்தை அழகாக வைத்திருக்கிறார்கள். குகையை இரு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க முடியாமல் போன பொறியாளரின் கதையையும் கூடவே விற்கிறார்கள், ஆவி உட்பட. எனக்கு ஆவியில் ஆட்சேபம் இல்லை, எங்கள் ஆவி தொட்டியிலிருந்து வருகிறது.

டார்ஜிலிங் பாதைக்கு 1999-லும், நீலகிரிக்கு 2005-லும், சிம்லாவுக்கு 2008-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி வந்தது. வந்ததிலிருந்து நிதி ஒதுக்கும்போதெல்லாம் ஸ்டேஷன்களை அழகுபடுத்துவது முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. காரணம் எளிது. ஓடையிலிருந்து வரும் குழாயை மாற்றினால் திறப்பு விழா நடத்த முடியாது.

கட்டடத்தைப் பெரிதாகக் கட்டினால் ஸ்டேஷன் வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை என்ன செய்யும் என்று பார்க்க நாம் மலை ஏற வேண்டியதில்லை. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. 1997-இல் திறந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் மேல் அவ்வளவு பெரிய கட்டடம், உள்ளே நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். தண்டவாளம் நன்றாகத்தான் இருக்கிறது, வண்டியும் வருகிறது. அந்த மாடிகள் யாருக்காக என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

ஹில்குரோவில் இதே மனப்பாங்கு வேறு மாதிரி வெளிப்பட்டது. 2022-இன் தொடக்கத்தில், அந்தப் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டி எழுப்பிய சுவரால் யானைக் கூட்டம் ஒன்று வழி தெரியாமல் திண்டாடும் காணொளி வெளிவந்தது. உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். கட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, பாதுகாப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் சமவெளியிலிருந்து மேலே ஏறும் யானைகளுக்கு அந்தச் சரிவு தலைமுறை தலைமுறையான தடம். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு, ரன்னிமேடு பக்கம் அவை வருவது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எதிர்ப்பு கிளம்பியது, சுவரை இடித்தார்கள். கட்டவும் செலவு, இடிக்கவும் செலவு.

சரி, நீ என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குவேன். ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாய், வடிகட்டி, தொட்டி, குழாய், எஞ்சினுக்கு ஊற்றும் தூண் ஆகியவைதான் ஹில்குரோவின் உண்மையான பாரம்பரியக் கட்டுமானம். கோடையில் ஓடை மெலியும், மழைக்காலத்தில் சருகும் சேறும் அடைக்கும். இரண்டு காலத்தையும் தாங்கும்படி அதைச் சரிசெய்வதுதான் முதல் மதிப்பீடாக இருக்க வேண்டும். அடுத்தது மலைச்சரிவு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியே சரிந்தது, இந்தப் பாதை பல மாதம் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகும் வடகிழக்குப் பருவமழை வந்தால் கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் இடையே பாறை விழுந்து வண்டி ரத்து என்ற செய்தி நாளிதழில் வராத ஆண்டு அபூர்வம். மேலே விழும் மழையைத் தண்டவாளத்துக்கு வராமல் திருப்பிவிடும் வடிகால்களும், மழை இரவில் விளக்கோடு நடந்து பார்க்கும் டிராக்மேன்களும் இல்லாமல் ஸ்டேஷனுக்கு எந்த நிறத்தில் பெயிண்ட் அடித்தாலும் அங்கே வந்து பார்க்க வண்டி இருக்காது. அந்த ஆட்களுக்கு மழையில் ஒதுங்க ஒரு நல்ல அறை கட்டுங்கள். ஹில்குரோவில் புதிதாக ஒரு கட்டடம் வேண்டுமென்றால் அதுதான்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கழிப்பறை. இந்த ரயிலின் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. காலையில் நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, அவசரமாக ஒரு காபியைக் குடித்துவிட்டு மலை ரயில் ஏறும் நம் வயதுக்காரர்களுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும், ஹில்குரோவ் எதற்காக நினைவில் நிற்கும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டாம். பத்து நிமிட நிறுத்தத்தில் வரிசை நகர வேண்டும், அவ்வளவு அறைகள் வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கழிப்பறைக்கும் எஞ்சினுக்கும் தண்ணீர் ஒரே ஓடையிலிருந்துதான் வரும், கழிவு போய்ச் சேர்வதும் அதே சரிவில்தான். ஆகவே தொட்டியைத் தனியாகப் பிரிக்க வேண்டும், கழிவுக்கு ஓடையிலிருந்து தள்ளி முறையாக இடம் பார்க்க வேண்டும். இதை வடிவமைப்பது நுழைவாயில் வளைவு கட்டுவதைவிடக் கஷ்டமான பொறியியல். ஐஐடி கிண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மாணவர்களுக்கு ஒரு நல்ல புராஜெக்ட்.

டீக்கடை இருக்கட்டும். வடையும் இருக்கட்டும், அது இல்லாவிட்டால் மக்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் மீந்த உணவும் குப்பையும் அங்கே ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது, வாழையிலைத் துண்டுக்குத் தடை இல்லை. குரங்கும் யானையும் மோப்பம் பிடித்து வருவது நம் எச்சிலுக்குத்தான். குப்பைக்கூடை அதே வண்டியில் குன்னூருக்கு ஏறிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு பலகை வைக்கலாம். தமிழில், பெரிய எழுத்தில். மேலே ஏறியிருப்பவர் என்ன செய்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நான்கு சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு படத்தோடு. படித்துவிட்டு மக்கள் டீயோடு எஞ்சின் பக்கம் நகர்வார்கள். அங்கே பாதுகாப்பான தூரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போதும். எஞ்சினை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க வேறு எந்த நிறுத்தத்தில் இவ்வளவு நேரம் கிடைக்கும்? செல்ஃபிக்கு என்று இதயம் வரைந்த சட்டம் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேத்தி ஸ்டேஷனுக்கு எந்தச் சட்டமும் வைக்கவில்லை. 1982-இல் வெளிவந்த மூன்றாம் பிறை படத்தின் கடைசிக் காட்சியை அங்கே எடுத்தார்கள், இன்றும் ஜனங்கள் அந்த பிளாட்பாரத்தைத் தேடிப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, அடர்லியையும் ரன்னிமேட்டையும் பயணிகளுக்குத் திறக்க வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுகிறது. எஞ்சின் அங்கெல்லாம் தண்ணீருக்கு நிற்பதால், ஆட்களும் இறங்கினால் என்ன என்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. ஹில்குரோவ் ஒன்றில் வண்டி நிறைய ஆட்கள் இறங்குவதையே அந்தச் சரிவு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ரன்னிமேடு பலாமரமும் யானையும் இருக்கும் இடம். அங்கே கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டு, தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும். எஞ்சின் மட்டும் குடிக்கட்டும், நாம் பெட்டியிலேயே உட்கார்ந்திருப்போம். அந்த பிளாட்பாரத்துக்கு டைல்ஸ் போட யாரிடமாவது மதிப்பீடு தயாராக இருந்தால், தொகையைக் குன்னூர் லோகோ ஷெட்டுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். அங்கே செலவழிக்க வேலை நிறைய இருக்கிறது.